இடக் கை தேய்க்காத சட்டைகள்

தங்கும் விடுதியின் கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நான்கு மாதம் இஸ்திரி போட்டவர் அவர். அவர் தேய்த்த சட்டைக் கையின் மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். 'கத்தி' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வயது அறுபத்தொன்று. மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வாடகைக் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. தலை கதவுக் கண்ணாடியில் மோதியது. ரத்தம் வரவில்லை. மருத்துவமனையில் பார்த்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். பேச்சிலோ நடையிலோ குணத்திலோ மாற்றம் தெரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் உடனே அழைத்துவர வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. வீட்டில் இருப்பவர்கள் என்றால் அவரும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான்.

மூன்றாவது வாரம் தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டார். நான்காவது வாரம் ஒரு நாள், துணி மடித்து அடுக்குகிற பெண் அவரை உற்றுப் பார்த்தாள்.

"என்னண்ணே, பாதி மூஞ்சிக்குத்தான் சவரமா? பிளேடு தீந்துபோச்சா?"

"முழுசாத்தான் பண்ணேன். நீ போய்க் கண்ணாடி போடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. இடப்பக்கம் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இல்லாத ஒன்றை ஒரு மனிதர் எப்படித் தேடுவார்? தட்டில் வலப்பாதி காலியானதும் கை கழுவிவிட்டு, இன்னும் ஏன் பசிக்கிறது என்று தனியே உட்கார்ந்து யோசித்தார்.

சட்டைகளும் அப்படியே வந்தன. வலக் கை கத்திபோல இருக்கும். இடக் கை கசங்கியே கிடக்கும். முதல் நாள் ஏழு சட்டை. மேற்பார்வையாளர் காதுக்குப் போனால், வயதாகிவிட்டது என்று ஒரே சொல்லில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என மடிக்கிற பெண் பயந்தாள். வாய் திறக்காமல், சாப்பாட்டு இடைவேளையில் அவளே அந்த இடக் கைகளைத் தேய்த்துவைத்தாள். பதினோரு வேலை நாள் இப்படிக் கழிந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

பன்னிரண்டாம் நாள், சூடான இஸ்திரிப் பெட்டி அவருடைய இடக் கையின் மேலேயே இறங்கியது.

"அண்ணே! கை! கையை எடுங்க!"

"யார் கை?" என்று நிதானமாகக் கேட்டார்.

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மருத்துவமனையில், மாற்றம் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். "என்ன மாற்றம்?" என்றார் அவர். கூட வந்திருந்த மடிக்கிற பெண்தான் சட்டைக் கதையைச் சொன்னாள், நாள் கணக்கோடு. படம் எடுத்தார்கள். மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் மூளையின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அன்று மாலையே துளையிட்டு வடித்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆளே தங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் அவள் பார்க்க வந்தாள். தான் மறைத்ததை அவரிடமும் சொல்லி அழுதாள்.

"கோவமாண்ணே?"



"வீட்டுல ஒருத்தி இருந்திருந்தா, என்ன கண்றாவி இதுன்னு மொத நாளே சட்டையத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிருப்பா. நீ ரொம்ப நல்லவளாப் போயிட்ட, தங்கச்சி."

"இனிமே எறியறேன்."

"எறியச் சட்டை ஏது? என் எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?"

"போட்டாச்சு. அவன் மடிப்பு பாம்பு மாதிரி வளையுது."

அவர் சிரித்தார். தலையில் போட்ட தையல் வலித்தது. ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் அவள் கிளம்பிப் போனாள்.

இடப்பக்கத்துக் கட்டிலில், மாத்திரை விழுங்காத கணவனை ஒருத்தி விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் மெல்லத் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.