கம்பி இல்லாமல் ஓடிய காற்றாடி

பேய் பிசாசு, சாமியாட்டம், குறி கேட்பது, இதெல்லாம் எனக்கு எப்போதும் ஆகாது. சுடுகாட்டுப் பாதையில் தனியாக விறகுக்கட்டு சுமந்து வந்தவள் நான், அங்கே என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

செட்டியார்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு காற்றாடி உண்டு. எண்பதுகளில் கரண்டு கனெக்‌ஷன் கிடைக்காமல், என் வீட்டுக்காரர் ஆபீஸ் ஆபீஸாக நடந்து மானியத்தில் வாங்கி நட்டது. மலையிலிருந்து காற்று இறங்கினால் தகரச் சக்கரம் சுற்றும், அதிலிருந்து தொங்குகிற இரும்புக் கம்பி குழாய்க்குள் ஏறி இறங்கும், கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் வந்து விழும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்க வரும், நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். தொண்ணூறுகளில் அவர் போய்ச் சேர்ந்தார். எண்ணெய் விட ஆளில்லாமல் காற்றாடியும் நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. பசியும் தெரியவில்லை. அவர் கடைசியாக நட்ட மாங்கன்றுகள் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரையிலிருந்து என் மகன் முருகேசன் வந்தான்.

"எம்மா, இதப் பழைய இரும்புக்குப் போட்ருவோம். நீ எங்கூட வந்துரு."

"மருமக கையை எதிர்பாத்துச் சோறு திங்கவா? காத்தாடியச் சரி பண்ணுதேன், கன்னு பொழைக்கும்."

"பொழைக்கலேன்னா?"

"வாரேன்," என்றேன். வார்த்தை கொடுத்தால் நான் மாறமாட்டேன், அது அவனுக்கும் தெரியும். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று போனான்.

மில்லில் பிட்டராக இருந்த சண்முகத்தைக் கூப்பிட்டேன். மேலே ஏறிப் பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தான், வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தினான், குழாய்க்குள் தேய்ந்த தோல் வாஷரை மாற்றினான். கடைசியில் பார்த்தால் கம்பி முனையில் திருகி மாட்டுகிற மரை தேய்ந்துபோயிருந்தது.

"ஆச்சி, இத ராசபாளையத்துல லேத்துப் பட்டறைல குடுத்துத்தான் மரை போடணும். அதுவரைக்கும் நீங்க ஏறி நின்னு ஊதுனாலும் தண்ணி வராது" என்று சிரித்துவிட்டு, கம்பியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மகன் வருகிற நாள். கன்றுகள் அன்றைக்கே தலை சாய்ந்துவிட்டன. வாளியில் இறைத்து ஊற்ற எனக்குத் தெம்பில்லை.

பொழுது சாய்கிற நேரம், ஓர் இலை அசையவில்லை. தடக், தடக் என்று சத்தம். நிமிர்ந்தால் சக்கரம் சுற்றுகிறது. மேலே சக்கரம், கீழே குழாய், நடுவில் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஆகாயம் தெரிகிறது, தொட்டியில் தண்ணீர் விழுகிறது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை வெட்டிவிட்டேன், ஒவ்வொரு கன்றாகப் பாய்ச்சினேன், தாகமாக இருந்தது, இரண்டு கை அள்ளிக் குடித்தேன், வந்து படுத்துவிட்டேன்.

காலையில் முருகேசன் வந்தான். ஈர மண்ணையும் நிமிர்ந்து நின்ற கன்றுகளையும் பார்த்துவிட்டு, "செயிச்சுட்டியே எம்மா" என்றான். நான் வாய் திறப்பதற்குள் சண்முகம் சைக்கிளில் வந்து இறங்கினான், சாக்கில் சுற்றிய கம்பியோடு.

"லேத்துக்காரன் என்னை ஏசுதான் ஆச்சி. நேத்து சாயங்காலத்துலருந்து இது தொடைக்கத் தொடைக்க வேர்க்குதாம். கிணத்தையே கட்டிக் கொண்டாந்தியாலேன்னு கேக்கான்."

முருகேசன் கம்பியைப் பார்த்தான், காற்றாடியைப் பார்த்தான். "அப்ப இது இன்னும் மாட்டவே இல்லையா?"

 முருகேசன் தன் தோளில் கிடந்த துண்டால் கம்பியை அழுத்தித் துடைத்தான். செத்த நேரத்தில் மறுபடியும் முத்து முத்தாக நீர் கட்டிச் சொட்டியது. துண்டைக் கிணற்று மேட்டிலேயே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். என்னை மதுரைக்குக் கூப்பிடவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கம்பியை மாட்டினோம். காற்றடித்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது, எல்லாக் காற்றாடியும் மாதிரிதான். அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருசமாகக் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மகன் வரும்போது மதுரையிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறான். அது போகட்டும். நான் செம்பைத் தூக்கிக் குடிக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். ஏன் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.