எட்வின், கோட் இல்லாமல் எடுத்த படங்கள்

போட்டோகிராஃபர் எட்வின் இன்று காலை இறந்துவிட்டார். ராயபுரம் வீட்டில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே...

உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் என்னிடம் படித்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். வருடா வருடம் குரூப் போட்டோ எடுக்க வருவார். எல்லோரையும் நிற்கவைத்து “ரெடி” என்பார். ஆனால் எடுக்க மாட்டார். பிள்ளைகள் அலுத்துப்போய் தோளைத் தளர்த்துவார்கள் பாருங்கள், அப்போதுதான் கிளிக்.

ஒருமுறை எங்கள் எச்.எம். பொறுமை இழந்து, “என்னய்யா, தூங்கிட்டியா?” என்று கத்தினார். அந்த வருடப் படத்தில் அவர் வாய் திறந்தபடியே இருக்கிறார்.

என் மகள் மலர் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பெனி வெப்சைட்டில் போட எல்லா ஸ்டாஃபையும் படம் எடுக்க வேண்டும், நல்ல போட்டோகிராஃபராகப் பார் என்று மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்குக் கிடைத்த முதல் பொறுப்பு.

என்னிடம் யோசனை கேட்டாள். பத்துப் பேரின் படத்தைப் பார்த்தால் பத்துப் பேர் தெரிய வேண்டும், அப்படி எடுப்பவராகப் பார் என்றேன். ஒரு பெரிய ஸ்டூடியோ அனுப்பிய சாம்பிளில் எல்லா முகமும் ஒரே வெள்ளை.

அவளுடன் வேலை செய்யும் வியாசர்பாடி புவனா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம். “என் பழைய ஐ.டி. கார்டுலயும் இப்டித்தான்க்கா, சுண்ணாம்பு அடிச்சி வுட்டாங்க. கேட்ல வாட்ச்மேன், இது உன் தங்கச்சியான்றாரு. உள்ளயே வுடல!”

மலர் எட்வினைத் தேர்ந்தெடுத்தாள். மேனேஜருக்கு அரை மனசு. “லோக்கல் ஆளா? படம் சரியா வரலேன்னா நீதாம்மா பதில் சொல்லணும்.”

இப்போது அந்தக் கோட் விஷயம்.

நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் சுவரில் ஒரு கோட் தொங்கும் இல்லையா? பாஸ்போர்ட் படமோ, கல்யாணத்துக்குக் காட்டும் படமோ, யார் வந்தாலும் அதைத்தான் மாட்டிவிடுவார்கள். எட்வின் பழக்க தோஷத்தில் அதையும் ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டார். ஆண்கள் எல்லோரும் ஆசையாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் துணி கிளிப்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. ஒரே பக்கத்தில் போட்டதும்தான் தெரிந்தது... அத்தனை பேர் மேலும் ஒரே கருநீலக் கோட்.

“என்னம்மா இது, கல்யாண பேண்ட் செட்டா?” என்றாராம் மேனேஜர். வேலையே போய்விடும் என்று மலர் அன்று சாப்பிடவில்லை.

எட்வினுக்கு போன் செய்தேன். “அழுவ வேணாம்னு சொல்லுங்க டீச்சர். திரும்பப் போயி கோட்ட கழட்டிட்டு எடுத்துக் குடுத்துர்றேன். எனக்கே சிரிப்பு வந்துகினு கீது.”

நேற்று போனார். எல்லோரும் அவரவர் சட்டையில். மேனேஜர் விறைப்பாக உட்கார்ந்தபோது, “சார், கோட்டு வோணுமா? பையிலதான் கீது” என்றாராம். மேனேஜரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தாராம்.

இன்று சாயங்காலம் படங்களைத் தருவதாகச் சொல்லியிருந்தார். நாளை வெளிநாட்டிலிருந்து ஒரு கஸ்டமர் வருகிறார், அதற்குள் வெப்சைட்டில் ஏற்ற வேண்டும்.

மதியம் மலர் போன் செய்தாள். “அம்மா, சார் படம் கேக்குறாரு. நீ ரோஸ்லின் ஆன்ட்டிகிட்ட...” பாதியில் நிறுத்திவிட்டாள்.

போனேன். எட்வினின் மனைவி ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எதிர் நாற்காலியில் கேமரா பை. யாரோ உட்கார இடம் வேண்டும் என்று அதைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். மலரின் ஆபீஸ் படங்கள் அதற்குள்தான்.

கேட்கலாமா... எப்படிக் கேட்பது? எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மலரே லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இவள் கேட்டுவிடுவாளோ என்று எனக்கு ஒரே படபடப்பு. அவள் ரோஸ்லின் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். பையைப் பார்த்தாள். அப்போதுதான் மேனேஜர் போன். வாசலுக்கு எழுந்து வந்தாள்.

“சார், அவர் வீட்லதான் இருக்கேன்... ஆமா சார், கேமரா இங்கதான் இருக்கு. இன்னிக்கு நான் கேக்க மாட்டேன் சார். அடக்கம் முடியட்டும்.”

அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் பேசினார். போனை வைத்தாள்.

“என்னடி சொன்னாரு?”

“அப்புறம் சொல்றேன்மா.” வந்தவர்களுக்கு டீ கொடுக்க உள்ளே போய்விட்டாள்.

மாத்திரை போட வீட்டுக்கு வந்தேன். திரும்பக் கிளம்புகிறேன். மலர் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நாளை சாயங்காலம் மாதா கோயிலில் பூசை, பிறகு அடக்கம். முடிந்தவர்கள் வாருங்கள்.

எட்வின்... போயிட்டு வாங்க.