ஜெபமாலை வேகத்தில் ஒரு பம்பு

பம்பு ஓட்டுகிறவனுக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று கிணறு, இன்னொன்று குடத்தோடு நிற்கிற வரிசை. இரண்டும் ஒரே நேரத்தில் திருப்தியாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை. வரிசையில் நின்று நொந்தவர்கள் நீங்கள் என்றால், வரிசையைப் பார்த்தே நொந்தவன் நான்.

எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்தில் ஆயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு. அப்போது எங்கள் பங்குச் சாமியார் ஒரு பழைய எஞ்சினை வாங்கி, கோயில் கிணற்றிலிருந்து ஊர்த் தொட்டியை நிரப்ப என்னைக் கூப்பிட்டார். "தேர்த் திருவிழா வரைக்கும் ஓட்டிப் பாரு. அன்னைக்குத் தொட்டி நிறைய நல்ல தண்ணி நின்னா வேலை உனக்கு. இல்லேன்னா எஞ்சினை வித்துடுவேன்" என்றார். திரும்ப உப்பளத்தில் கால் வைக்கக் கூடாது என்று அன்றே மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

முதல் தொட்டி

எஞ்சினில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் வேகம் கூடும், குறையும். உப்பளத்தில் எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்ல பெயர். அதே பழக்கத்தில் முதல் நாள் முழு வேகத்தில் விட்டேன். தொட்டி மளமளவென்று நிரம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் கரையில் கிணற்று நல்ல தண்ணீர் மேலாக மிதக்கும். அடியில் இருப்பது கடலின் சொத்து. வேகமாக இழுத்தால் அடித்தண்ணீரும் சேர்ந்து ஏறிவிடும். வரிசையில் முதலாவதாக நின்ற ஆரோக்கியம்மாள் ஒரு வாய் குடித்துத் துப்பினார். "ஏம்பா, இதைப் பாத்தியில ஊத்து. நாளைக்கு உப்பு வாரிக்கலாம்."

அடுத்த வாரம்

சூடு கண்ட பூனை ஆனேன். திருகைக் குறைத்துக் குறைத்து, எஞ்சின் நின்றுவிடுமோ என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் தித்தித்தது, ஆனால் தொட்டியின் அடிதான் நனைந்தது. சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஏணியில் ஏறி வெகுநேரம் உள்ளே பார்த்தார். "டேய், தொட்டியில தண்ணி ஏறுதா, இல்ல தொட்டிக்கு வேர்க்குதா?"

ஜெபமாலை

எஞ்சின் கொட்டகை கோயில் சுவரை ஒட்டி இருந்தது. மாலையில் உள்ளே ஜெபமாலை நடக்கும்போது, வெளியே எஞ்சின் போடுகிற தாளத்துக்கே எல்லோரும் ஜெபம் சொல்லப் பழகியிருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. ஒருநாள் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்துப் படம் பார்க்கப் போகும் அவசரத்தில் திருகை ஏற்றிவிட்டேன். ஜெபமாலை பாதி நேரத்தில் முடிந்தது. தண்ணீரும் கரித்தது. வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்த சாமியார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும்ப்பா."

பஸ் போய்விட்டது, புத்தி வந்தது. மறுநாள், கிழவிகள் மூச்சு வாங்காமல் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற வேகத்தில் திருகை நிறுத்தினேன். தொட்டியும் நிறைந்தது, தண்ணீரும் கரிக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு மீட்டர் தேவைப்படவில்லை.

திருவிழா

தேர் அன்று எக்கியார்குப்பத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்துவிட்டார்கள். மதியம் ஊருக்கே சாப்பாடு. காலையிலேயே அடுப்பு மூட்டியாயிற்று, தொட்டியோ அரைகுறை. சமையல்காரர் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கத்துகிறார், உபதேசியாரின் கை திருகுப் பக்கம் போகிறது. காலையில் ஜெபமாலையும் கிடையாது. எந்த வேகத்தில் ஓட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உப்பளம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அழுகை வந்தது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

ஆரோக்கியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் கையை ஊன்றிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நிதானமாக ஜெபமாலையைத் தொடங்கினார். வரிசை முழுக்க அப்படியே உட்கார்ந்து சேர்ந்துகொண்டது. நான் அந்தக் குரல்களுக்கு எஞ்சின் வேகத்தை இறக்கிவிட்டு, திருகை யாரும் தொடாதபடி என் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர்கள் மூன்றாவது ஜெபமாலையில் இருக்கும்போது தொட்டி வழிந்தது. சாமியார் பக்கத்தில் நிற்க, சமையல்காரர் ஒரு சொம்பு மொண்டு குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்குது. குழம்புக்கு உப்பை நாங்களே போட்டுக்கறோம்."

அரசாங்க உத்தியோகத்தில் இல்லாமலே, மெதுவாக வேலை செய்ததற்காக நிரந்தரமாக்கப்பட்டவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.