அகெல்லோவின் தாயாகப் பேசியவள்

காத்தான்குடிச் சஹ்லாவுக்கு அலூர் மொழி தெரியும் என்றால் ஊருக்கே சிரிப்பு. "அரபு பேசப் போனவள் ஆபிரிக்கா பேசிக்கிட்டு வந்திருக்காள்" என்று பக்கத்து வீட்டு சபூரா கேலி பண்ணுவாள். வளைகுடா நாட்டு வீடொன்றில் ஆறு வருடம் சஹ்லாவோடு ஒரே குசினியில் உழைத்தவள் அகெல்லோ, உகண்டாவில் நைல் ஆற்றங்கரைப் பெண்; அலூர் அவளுடைய தாய்மொழி. எஜமானிக்கு விளங்காமல் அவளைத் திட்டுவதற்கென்றே இருவரும் அலூரில் பேசுவார்கள். திட்டித் திட்டியே சஹ்லா அந்த மொழியைப் படித்தாள்.

சஹ்லா ஊர் திரும்பி இரண்டு வருடம். அகெல்லோவை அந்த மனுசி விடவில்லை. கைபேசியையும் பறித்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை தாயோடு பேச மட்டும் தன் ஃபோனைக் கொடுத்தாள். பெரிய தயவு!

அன்று அஸர் தொழுதுவிட்டுத் தையல் மெஷினடியில் குந்தியிருந்தபோது அழைப்பு வந்தது.

"அம்மா, நான்தான்," என்றாள் அகெல்லோ அலூரில். பின்னால் எஜமானியின் இருமல். தாய்க்கென்று சொல்லித் தனக்கு எடுத்திருக்கிறாள், ஸ்பீக்கரும் போட்டிருக்கிறது என்று சஹ்லாவுக்குப் புரிந்தது. தன் குரலை அந்த மனுசி அறிவாள். தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு "சொல்லு மகள்" என்றாள்.

"நாளைக்குப் பகல் என்னைப் பாலைவனத்து வீட்டுக்கு அனுப்புறாங்க. முதல்ல போன வேலைக்காரி இன்னும் திரும்பி வரல்ல."

அதே நகரில் சஹ்லாவின் தம்பி ஸாஹிர் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவனைக் கேட்க எங்கே நேரம்?

"விடியக்குள்ள குப்பை போடப் போவாய்தானே? பின்வாசல் கேற்றடியில வெள்ளைக் கார் நிற்கும், ஏறு. கட்டாயம் வரும், இன்ஷா அல்லாஹ்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாளைக் காரியம் எதையும் அந்தச் சொல் இல்லாமல் அவள் பேசியதே இல்லை. ஆனால் அகெல்லோவின் தாயோ வேதக்காரி, கிறிஸ்தவள்.

"உன் தாய் எப்போதிருந்து இன்ஷா அல்லாஹ் சொல்கிறாள்?" எஜமானி அரபியில் கேட்டாள். பாவிச் சிறுக்கி, எல்லாவற்றையும் கெடுத்தாயே என்று சஹ்லா தன்னையே ஏசிக்கொண்டாள்.

"உங்களிடம் கேட்டதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், மேடம்." அகெல்லோவின் குரலில் நடுக்கமே இல்லை.

"மாஷா அல்லாஹ்," என்றாள் எஜமானி, பெருமை தாங்காமல். அழைப்பு அறுந்தது.

ஸாஹிர் முதலில் சத்தம் போட்டான். "பொலிஸ் புடிச்சா என்ட விசா போயிரும் ராத்தா!" பிறகு எந்தத் தெரு என்று கேட்டான்.

மறுநாள் காலை ஏழரைக்கு, அங்கே விடிகிற நேரத்தில், ஸாஹிர் அழைத்தான். "ஏறிட்டாங்க. தூதரகத்துக்குப் போறம்."

ஃபோன் அகெல்லோவின் கைக்கு மாறியதும் சஹ்லா விம்மி அழுதாள். "இப்பவே உன்ட அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லு புள்ள."

"அம்மா போன மார்கழியிலேயே செத்துட்டா. மேடத்துக்கு நான் சொல்லல்ல. சொன்னா, பிறகு ஆரோட பேச விடுவா?"