பூதத்தோடு சண்டைக்குப் போகாதவனும் என் மச்சானும்

நான் எழுதிய நாவலைக் கடைசிப் பக்கம் வரை முதலில் வாசித்து முடித்தவர் என் மச்சான், என் கூடப்பிறந்த ராத்தாவின் புருஷன். ராத்தாவின் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள்தான், நடுவில் ஒரு முருங்கை மரம். அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருக்கும். காலையில் பள்ளிக்கூடம் போக நான் அவசரமாகச் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது முருங்கைக்குக் கீழே நின்று கூப்பிட்டார். கையில் புத்தகம்.

"ஏன் புள்ள, இதுல வாற ஆள் நான்தானே?"

நாவலில் வருகிற ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ராச்சியம். அதன் கடலுக்குள்ளிருந்து ஒரு பூதம் அடிக்கடி எழும்பி வந்து கரையைக் கலக்குகிறது. வலது தோளில் சங்கு மச்சம் உள்ளவனால்தான் அதற்கு முடிவு என்று குறிகாரன் சொல்கிறான். ஊரெல்லாம் தேடி அப்படியொருவனைக் கண்டுபிடித்தால், அவன் ஓர் உப்பு வியாபாரியின் மகன், சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாதவன். அவனைத் தூக்கிப்போய் வாள் கொடுத்து, குதிரை கொடுத்து, பாட்டுக் கட்டி, சிலையும் வைத்துவிடுகிறார்கள். அவன் மட்டும் "நாளைக்குப் பாப்பம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஆப்பம் சுட்டு விற்கிற பெண்ணொருத்தி கடற்கரைக்குப் போய்ப் பூதத்திடம் என்னதான் வேண்டும் என்று கேட்கிறாள். ராவில் இந்த முரசு அடிக்கிறதை நிறுத்தினால் போதும், தூங்க முடியவில்லை என்கிறது பூதம். அவ்வளவுதான் கதை.

"இல்ல மச்சான். நீங்க எப்பிடி அதுல வருவீங்க?" என்றேன்.

"சாய்மனைக் கதிர ஆருட்ட இரிக்கி? நாளைக்குப் பாப்பம் எண்டு ஆரு சொல்ற? பாணத் தேத்தண்ணில தொட்டுத் தின்டுட்டு மத்தத் துண்டத் தேடுறான் எண்டு எழுதியிரிக்காய். இந்த ஊட்டுல அது ஆரு?"

உள்ளேயிருந்து ராத்தா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. மச்சான் புத்தகத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு கதையில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் எடுக்கிற வைஃபை வேலை செய்யாவிட்டால்கூட என் வீட்டுக்காரரின் ஹார்ட்வெயார் கடைக்குப் போன் எடுத்துத்தான் கேட்டார்.

மச்சான் கத்தாரில் நீண்ட காலம் லொறி ஓட்டிவிட்டு வந்தவர். வந்த அன்றே ஒரு கதிரை வாங்கிப் போட்டு, "இனி என்ன ஒருத்தரும் எழுப்பப்படாது" என்று சொல்லிப் படுத்தவர். கோபப்படுவதற்காகக்கூட அந்தக் கதிரையிலிருந்து எழும்பமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

மற்ற வாசகர்களின் அபிப்பிராயங்களும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. என் வீட்டுக்காரர் பாதியில் பெயின்ற் நிறங்கள் அச்சடித்த கடை அட்டையொன்றை அடையாளமாக வைத்துவிட்டு "நல்லா இரிக்கி" என்றார். அட்டை அதே இடத்திலேயே இருந்தது. இறக்காமத்தில் வேளாண்மை செய்கிற சாச்சா போன் எடுத்தார். "பூதம் வயலுக்குள்ள எறங்கி மிதிச்சிட்டுப் போகுது எண்டு எழுதியிரிக்காய். மறுகா அந்தச் சனத்துக்கு நட்டஈடு குடுத்தானுகளா இல்லியா? அதப்பத்தி ஒரு வரியும் இல்லியே! எங்களுக்குக் காட்டு ஆன வந்து அழிச்சிட்டுப் போனதுக்கே இன்னும் ஃபோம் நிரப்பிக்கிட்டு இரிக்கம்."

பள்ளிக்கூடத்து ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற ஆசிரியை ஒரு குரல் பதிவு போட்டார். குறி பார்ப்பது ஹராம், அதை நம்புகிற மாதிரி எழுதலாமா என்று கேட்டிருந்தார். பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே இரண்டாவது பதிவு போட்டார். "இப்பதான் முடிவப் பாத்தன். குறி சொன்னது பொய்யாத்தானே போகுது. மாஷா அல்லாஹ், நல்ல படிப்பின." நான் அப்படியொரு படிப்பினையை நினைத்து எழுதவில்லை. ஆனால் மறுக்கவுமில்லை.

உம்மா கண்ணாடி போட்டு நாலைந்து பக்கம் வாசித்துவிட்டு மிச்சத்தை ராத்தாவிடம் கதையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஒரேயொரு குறைதான். "அந்தப் பொடியனுக்கும் ஆப்பக்காரிக்கும் கலியாணத்த முடிச்சி வெச்சிரிக்கலாமே. ரெண்டும் சும்மாதானே இரிக்கிதுகள்."

ஆப்பக்காரி சும்மா இருக்கவில்லை, ராச்சியத்தையே காப்பாற்றினாள் என்றேன். "அதுக்குப் பொறகு சும்மாதானே?" என்றார் உம்மா.

இப்படியிருக்கும்போது நூலக மண்டபத்தில் எங்கள் வாசகர் வட்டம் இந்தப் புத்தகத்துக்கு ஒரு கலந்துரையாடல் வைத்தது. பின்னேரம். கடல் காற்று யன்னல் வரைக்கும் வந்து உள்ளே நுழையாமல் திரும்பிப் போகிற மண்டபம் அது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்தான் பிரதான கருத்துரை. வாசித்த பக்கங்களிலெல்லாம் மஞ்சள் துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சிக்கு நல்ல தமிழ் வருது," என்று தொடங்கினார். "ஆனால் காவியம் எண்டு வந்தா நாயகன் மலை மாதிரி நிக்க வேணும். இந்த நாயகன் என்ன செய்றான்? ராசாட பல்லக்கு வரக்குள்ள உப்பு மூட்டைக்குப் பின்னால ஒளிக்கிறான்! இவன வாசிச்சி எங்கட புள்ளைகள் எதப் படிக்கிற? பொறுப்பத் தட்டிக் கழிக்கிறதையா?"

சபையில் பல தலைகள் ஆடின. பெரியநீலாவணையிலிருந்து வந்திருந்த தமிழாசிரியை மட்டும், அந்த இடத்தைப் பஸ்ஸில் வாசித்துத் தான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டார் என்றார். அதிபர் அவரையும் கவலையோடு பார்த்தார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். மச்சான். ஜும்ஆவுக்கு உடுத்துகிற வெள்ளை சேட்டும் சாரமும். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. எழும்பி நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னைப் பற்றித்தான் இவள் எழுதியிருக்கிறாள் என்று சபையில் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சேர், ஒரு விசயம். அந்தப் பொடியன்ட்ட ஆராவது கேட்டானுகளா?"

"என்னத்த?"

"போறியா எண்டு. குறிகாரன் ராசாட்டச் சொன்னான். ராசா வாப்பாட்டச் சொன்னான். வாப்பா ஓம் எண்டுட்டார். பொடியன்ட்ட ஒருத்தரும் கேக்கல்ல. நான் ரெண்டு தரம் வாசிச்சிப் பாத்திட்டன். கேக்கவே இல்ல."

அதிபர் மஞ்சள் துண்டுகளைப் புரட்டினார். "நாட்டுக்கு ஆபத்து எண்டா கேட்டுக்கிட்டா இருப்பாங்க?"

"கேக்க எவ்வளவு நேரம் போகும் சேர்? பூதத்திட்டயே ஒருத்தி கேட்டிரிக்கா!"

மண்டபம் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. கொஞ்சம் தணிந்த குரலில், "எனக்குக் கீழ தங்கச்சிமார் நாலு பேர். நீதான் மகன் இதுகளக் கரையேத்த வேணும் எண்டு எங்கட வாப்பா கத்தாருக்கு டிக்கட்டக் கையில தந்தார். நல்ல மனிசன்தான். ஆனா அவரும் கேக்கல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ராத்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று எனக்குள் ஓடியது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நீங்க சொல்றது நியாயம். ஆனால் நீங்க போனீங்கதானே? அதான் நான் சொல்ற நாயகன்," என்றார். மச்சானும் விடவில்லை. ரோல்ஸும் இஞ்சிப் பிளேன்ரீயும் வந்த பிறகும் இருவரும் ஒரு மூலையில் நின்று வாதாடிக்கொண்டே இருந்தார்கள். நாவலை எழுதியவள் என்று பக்கத்தில் போய் நின்ற என்னை இருவரும் கவனிக்கவேயில்லை.

வீட்டுக்கு மச்சானின் ஆட்டோவில்தான் போனேன். கடற்கரை ரோட்டில் திரும்பும்போது அவராகவே கதைத்தார்.

"அது நானில்ல எண்டு இப்ப வெளங்கிட்டு புள்ள."

"எப்பிடி மச்சான்?"

"அவன் கடைசி வரைக்கும் போகவே இல்லியே. நான் போயிட்டனே."

கொஞ்ச தூரம் போன பிறகு உண்மையைச் சொன்னேன். அந்தப் பொடியன் நான்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் நான் நல்ல புள்ளி எடுத்த அன்று, இவள் டொக்டராகத்தான் வருவாள் என்று உம்மா முழு ஊருக்கும் சொல்லிவிட்டார். வந்து போனவர்களெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டி, என்ன வருத்தம், என்ன மருந்து என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு இரத்தத்தைக் கண்டாலே மயக்கம். உயர்தரச் சோதனைக்குப் போகும்வரை "நாளைக்குப் படிப்பம்" என்று சொல்லிச் சொல்லிக் கதைப் புத்தகம் வாசித்தவள் நான். பாணைத் தேத்தண்ணீரில் தொட்டுத் தின்றதும் நான்தான்.

மச்சான் ஆட்டோவை ஓரமாக்கி நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நீயா? வாளும் குதிரயும் உனக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். வீட்டுக்குப் போனதும் ராத்தாவிடம் சொன்னார். ராத்தா உம்மாவிடம் சொன்னார்.

அடுத்த நாள் காலை உம்மா என் குசினி வாசலில் வந்து நின்றார்.

"அப்ப, பொடியனக் கேக்காமப் பல்லக்கனுப்புற அந்தப் பேய் ராசா ஆரு? நானா?"

"இல்லம்மா, அது சும்மா ஒரு ராசா."

"சும்மா ராசாவா? மூக்குல மச்சம் எண்டு எழுதியிரிக்காயாமே."

உம்மாவின் மூக்கில் மச்சம் இருக்கிறது. சத்தியமாக அதை யோசித்து நான் எழுதவில்லை. உம்மா நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து, இந்தத் தடவை முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.