மெடிக்கல் முடியும் வரை இருமக் கூடாது

தென்காசியில் ஓர் ஆணின் உடம்பை வீடே கொண்டாடும் காலம் அவன் ஆயுளில் கொஞ்சம்தான். சுன்னத் முடிந்து படுத்திருந்த வாரம், மாப்பிள்ளையாக விருந்துக்குப் போன வாரம். அதை விட்டால் கல்ஃப் மெடிக்கலுக்கு முந்தைய மாதம். துல்கர்னைனுக்கு இப்போது அந்த மாதம். சவூதியில், தமாமில் ஒரு ரொட்டிக் கடைக்கு விசா வந்துவிட்டது. ரத்தமும் நெஞ்சுப் படமும் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். குற்றாலத்தில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தவனை, அடுப்புப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். காலையில் முட்டை, மதியம் ஈரல், படுக்கும்போது பேரீச்சம்பழம் போட்ட பால். அவன் தும்மினால்கூட அவனுடைய உம்மா ஹைருன் பீவிக்கு விசாவே பறந்துபோன மாதிரி இருந்தது.

முட்டையை அவித்து உரித்துக் கொடுத்தவள் பெண்டாட்டி ஜாஹிரா பீவி. ஈரல் வெந்த சட்டியில் சோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிட்டவளும் அவளே. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் நெஞ்சுக்குள் இருந்தது. நோன்புப் பெருநாளிலிருந்து விடாத இருமல். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று கொதித்தது. ஜாக்கெட்டுகள் எல்லாம் யாரோ கடன் கொடுத்தவை போலத் தொளதொளத்தன.

கேட்டவர்களிடம் பீடித்தூள் இருமல் என்றாள். நம்பாமல் இருக்க முடியாது. மாமியாரும் மருமகளும் பீடி சுற்றுகிற ஒற்றை அறை அது. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. ஆனியில் சாரல் இறங்கிவிட்டால் அந்தக் காற்றைச் சுவாசிக்க எங்கெங்கிருந்தோ கார் பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். இவர்கள் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொள்வார்கள். ஈரம் பட்டால் தூள் நமுத்துவிடும், ஃபேன் போட்டால் பறந்துவிடும். நுரையீரலுக்கு நல்லது என்று ஊர் உலகம் சொல்லும் காற்று, இந்த வீட்டில் வெளியே நின்று கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும்.

ஜாஹிராவுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய வாப்பா இப்படித்தான் இருமி இருமி மெலிந்து மௌத்தானார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாவே கிடைக்கும் என்றும் தெரியும். ஆனால் ஒருத்திக்கு நோய் என்று தெரிந்தால் வீட்டிலுள்ள அத்தனை பேருடைய நெஞ்சையும் படம் எடுப்பார்கள். ஏதாவது ஒன்று ஏஜெண்ட் காதுக்குப் போனால் தமாம் போச்சு. மெடிக்கல் முடியட்டும், அப்புறம் ஆசை தீர இருமிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அதுவரை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமினாள்.

வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் வேல்விழிக்குக் குழாய்ச் சத்தத்தில் ஏமாறுகிற பழக்கம் இல்லை. ஜாஹிராவின் காறை எலும்பைப் பார்த்தாள், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். காலையில் எழுந்ததும் வருகிற சளியை அதில் துப்பி வைக்கச் சொன்னாள். மறுநாள் வந்து வாங்கிக்கொள்வாளாம்.

ஜாஹிரா யோசித்தாள். வீட்டிலேயே திடகாத்திரமான ஆள் யார்? சந்தேகமில்லாமல் மாமிதான். நடந்தால் தரை அதிரும், பேசினால் அடுத்த தெருவில் பதில் வரும். விடிந்ததும் மாமி தொண்டையைச் செருமிக் காறித் துப்புவது பழைய மோட்டார் கிளம்புகிற சத்தம் மாதிரி இருக்கும். ஆனால் அதை யாரும் இருமலில் சேர்த்ததில்லை.

“சர்க்கரை இருக்கான்னு இப்பம் சளியிலயே பாக்காவளாம் மாமி. வயசானவங்களுக்கு மட்டுமாம்” என்று டப்பாவை நீட்டினாள்.

அரசாங்கம் தன்னைத் தேடிவந்து ஒன்று கேட்டதில் மாமிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தாராளமாகவே கொடுத்தாள். டப்பா ஜாஹிராவின் பெயரில் போனது.

அந்த வாரமே வேல்விழி திரும்ப வந்தாள். ஜாஹிராவைத் தனியே கூப்பிட்டு, சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாகச் சொன்னாள். அது என் சளி இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்படியானால் மாமிக்கு. மாமியிடமிருந்து தனக்கு. தன்னிடமிருந்தோ மாமியிடமிருந்தோ, அதே அறையில் ஈரல் தின்றுகொண்டிருக்கும் மனுசனுக்கு? வீட்டிலுள்ள எல்லாரும் படம் எடுக்க வரவேண்டும் என்று வேல்விழி சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் மெடிக்கல். அது முடியட்டும் என்று ஜாஹிரா வேல்விழியை வாசலோடு அனுப்பிவைத்தாள்.

துல்கர்னைன் காலை பஸ்ஸில் போனான். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். அன்ஃபிட். இடது நெஞ்சில் நிழல். நோயா, பழைய தழும்பா என்று அங்கே சொல்லவில்லை. சரக்கு ஏற்றுமதிக்கு ஆகுமா ஆகாதா என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும்.

மகன் நெஞ்சில் நிழல், மருமகள் சளியில் கிருமி என்று இரண்டும் சேர்ந்து வெளியே வந்தன. செய்திக்குத் தெருவில் கால் நிறைய. இலையும் தூளும் கொடுக்கிற பீடிக் கடைக்காரர், கொஞ்ச நாளைக்கு உங்கள் வீட்டுப் பீடி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். சீக்கு வந்த கை சுற்றிய பீடி, குடிக்கிறவன் உடம்புக்கு ஆகாதாம். பீடி குடிப்பவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

மாத்திரையோடு வேல்விழி வந்தபோது ஹைருன் பீவி நடு வீட்டில் நின்று வைதுகொண்டிருந்தாள். “ஒங்க வாப்பா வீட்டுச் சீக்கக் கொண்டாந்து எம் புள்ளை பொழப்புல வச்சிட்டியேட்டி. நீ வாறதுக்கு முன்னாடி இந்த வீட்டுல யாருக்காது ஒரு தும்மல் உண்டா?”

துல்கர்னைன் தலையைக் குனிந்துகொண்டு உம்மாவைத் தடுக்காமல் இருந்தான். அதுதான் ஜாஹிராவுக்குத் தாங்கவில்லை.

“மாமி, அந்த டப்பால இருந்தது என் சளி இல்ல. ஒங்க சளி.”

மாமிக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டென்று யாருக்கும் தெரியாது. “சர்க்கரைக்குன்னுல்லாட்டி சொன்னே” என்றாள்.

வேல்விழி யாரையும் திட்டவில்லை. ஆளுக்கொரு டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஜாஹிரா இந்தத் தடவை தன்னுடையதையே துப்பினாள். அதிலும் கிருமி இருந்தது. மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே மாத்திரை. முட்டை, பயறு, பால் என்று நல்லாச் சாப்பிட வேண்டும் என்று வேல்விழி சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்தே தலையாட்டினார்கள். அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

துல்கர்னைனின் டப்பா மட்டும் காலியாகவே இருந்தது. படம் எடுக்கவும் அவன் போகவில்லை. ஒருநாள் விடிந்ததும் பழைய கைலியைப் பையில் திணித்துக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பினான். புரோட்டாக் கடையில் சீசன் முடிகிற வரை ஆள் வேண்டுமாம்.

ஜாஹிரா வாசலை மறித்தாள். “துப்பிட்டுப் போங்க மச்சான்.”

“துப்பி, அதுலயும் இருந்தா? மாவுல கை வைக்க விடுவானா? சீசன் முடியட்டும் புள்ள, பாத்துக்கிடலாம்.”

முடியட்டும் என்று காத்திருந்ததில் என்ன ஆனது என்பதை அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை. சொல்லத்தான் நினைத்தாள். பின்னால் அரிசிப் பானையின் அடியை மாமி கையால் வழிக்கிற சத்தம் கேட்டது. ஜாஹிரா விலகி நின்றாள். ஒரு துண்டை எடுத்துவந்து அவன் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

“இருமல் வந்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிடுங்க” என்றாள். “பொகைன்னு நெனைச்சிக்கிடுவாவ.”