வேர் பிடிக்காத மாங்கட்டை

என் மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருப்பது ஒரு சாண் மாங்கட்டை. பட்டை உரிக்காதது, நடுவில் தேங்காய்நார் அழுத்திய தடம் இன்னும் தெரிகிறது. அதை அறுத்துவந்தவர் என் அத்தான், அக்காளின் கணவர்.

அத்தானுக்கு எங்கும் இருப்புக்கொள்ளாது. ராஜபாளையத்தில் பஞ்சுத் தரகு, சுந்தரபாண்டியத்தில் நெல் வியாபாரம், எல்லாம் விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். உட்கார்ந்தாலும் கால் ஆடும். ஒருநாள் மலையில் முறிந்து கிடந்த கிளையிலிருந்து, மரத்தில் தொற்றி வளரும் பூச்செடியின் கன்றுகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துரைமார் ஆர்க்கிட் என்பார்கள், எங்களுக்குத் தொத்துச்செடி. மாங்கிளையைத் துண்டு துண்டாக அறுத்து, கட்டைக்கு ஒன்றாக வைத்து, வேர்மேல் பாசி பொத்தி, நாரால் கட்டினார்.

"இதுக்கு மண்ணே வேண்டாம் மாப்ளே, என்னைப் போல. வேர் பிடிச்சதும் கட்டையோட தூக்கிட்டுக் கொழும்புக்குக் கப்பலேறிருவேன்."

"செடியெல்லாம் கூடப் போகுது. நான்தான் இங்க கெடக்கணும்," என்றாள் அக்காள்.

"ஏட்டி, நீ கட்டையில தொத்துவியா?"

அவர் மட்டும் சிரித்தார்.

வேர் பிடித்ததா என்று தினமும் செடியை ஆட்டிப் பார்ப்பார். ஒட்ட வந்த பச்சை நுனி ஒடிந்துபோகும். மறுபடி கட்டுவார், மறுபடி ஆட்டுவார். மழைக்காலத்தில், பயணத்துக்குத் துணை தேடி ராஜபாளையம் போனவர் திரும்பப் பல வாரம் ஆயிற்று. வந்து பார்த்தால் கட்டைகள் வெறுமையாகக் கிடந்தன. செடிகள் கொல்லை மாமரத்தின் அடிமரத்தில் இருந்தன. வேர்கள் பட்டையோடு பட்டையாகப் படிந்திருந்தன.

"இனி எப்படிட்டி எடுத்துட்டுப் போக?"

"கட்டையின்னா உங்க கை சும்மா இருக்காது. அதான் மரத்துல கட்டுனேன். மரத்தை ஆட்டுங்க பாப்போம். வேணும்னா பிச்சு எடுங்க, வேரு அறுந்துதான் வரும்."

அத்தான் ஒரு வேரின் அடியில் நகத்தைக் கொடுத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"பூத்த பொறவு போறேன்."

ஆண்டுதோறும் பூத்தது. ஆண்டுதோறும் அதையே சொன்னார். கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்தே தலை நரைத்துவிட்டது.

நேற்று அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மரம் முழுக்கச் செடி. அத்தான் அதன் அடியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கட்டை ஒண்ணு ஒங்கிட்ட இருக்குல்லா மாப்ளே?" என்றார்.

அடுப்படியிலிருந்து அக்காள் குரல் வந்தது: "கேட்டா குடுத்துராத தம்பி!"

வீடு திரும்பியதிலிருந்து கட்டையை மேசையின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் வைத்துப் பார்க்கிறேன். அதற்கு மட்டும் இடம் அமையவில்லை.